ரேடியேற்றர் ஃபானுக்கு ஒரு கைச்சுவிச்: வன்னி வெயிலில் ஓடும் காருக்கான முழு வழிகாட்டி

2022, எரிபொருள் வரிசைக் காலம். கிளிநொச்சியில் ஒரு பெற்றோல் செட்டுக்கு முன்னால் விடியவே போய் நின்றேன். வரிசை பத்தடி நகரும், பிறகு அரை மணித்தியாலம் அசையாது. எண்ணெயை மிச்சம் பிடிக்கப் பலர் காரைத் தள்ளிக்கொண்டே போனார்கள். நான் சோம்பல்பட்டு இஞ்சினை ஓடவிட்டேன். பதினொரு மணியளவில் வெப்ப முள் பாதியைத் தாண்டி ஏறியது. பொனட்டைத் திறந்து பார்த்தால் ஃபான் சும்மா நிற்கிறது. பற்றரியிலிருந்து இரண்டு வயரை இழுத்து ஃபானுக்குக் கொடுத்ததும் சுற்றியது. மோட்டர் நல்லது, அதை ஓடச் சொல்லும் சுவிச்தான் செத்துவிட்டது.

அடுத்த நாள் ஒரு கராஜில் ஃபானுக்கு ‘டிரெக்ட்’ கொடுத்து விட்டார்கள். அதாவது, திறப்பைப் போட்டால் ஃபான் சுற்றும், எடுத்தால் நிற்கும். இடையில் பியூஸ் இல்லை, ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் மின்சுவிச்) இல்லை, இரண்டு வயரை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் புதுக்குடியிருப்புப் பக்கம் போகும்போது பிளாஸ்ரிக் எரியும் மணம். அன்று முழுவதையும் பிடுங்கிவிட்டு நானே இருந்து செய்ததுதான் இந்த வேலை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி திறந்தது. இடையில் எங்கள் கார்களுக்கு ஐந்து வயது கூடிவிட்டது. பழைய காரில் முதலில் சாவது இப்படிப்பட்ட சின்னச் சாமான்கள்தான். அதனால் டிரெக்ட் கொடுத்த கார்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. கூடவே தேர்மோஸ்ரற்றையும் (இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வு) கழற்றி எறிந்துவிட்டு ‘இனி சூடாகாது’ என்று அனுப்புவார்கள். அது இன்னும் மோசம். இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் எண்ணெய் குடிக்கும், தேயும்.

நான் சொல்லப்போகும் முறையில் காரின் சொந்த ஏற்பாடு அப்படியே இருக்கும். அது தன்பாட்டில் ஃபானைப் போடும், நிறுத்தும். நமது சுவிச் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. அந்தக் கை போட மட்டும்தான் முடியும். கார் போட்ட ஃபானை நிறுத்த முடியாது. சுவிச் பழுதானாலும், போட மறந்தாலும், கார் முன்பு இருந்தபடி ஓடவேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வயரும் இந்த ஒரு விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

ஃபானுக்கு வேலை கார் நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும்தான். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் இருந்து வரும் காற்றே ரேடியேற்றருக்குப் போதும். ஆகவே ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை ஏ9 வீதியில் எண்பதில் போகும்போது முள் ஏறுகிறது என்றால் ஃபானைக் குற்றம் சொல்லாதீர்கள். ரேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கும், தேர்மோஸ்ரற் ஒட்டியிருக்கும், தண்ணீர்ப் பம்ப் தேய்ந்திருக்கும், அல்லது ஹெட் காஸ்கற் போயிருக்கும். இவற்றில் எதற்கும் சுவிச் மருந்தல்ல. ஓடும்போது நல்லாக இருந்து, சந்தியில் நிற்கும்போதோ குளக்கட்டில் உருளும்போதோ மட்டும் சூடு ஏறினால், அங்கேதான் ஃபான் பக்கம் பார்க்கவேண்டும்.

வன்னியில் இந்த மெதுவான ஓட்டம் அதிகம். சிறுபோக அறுவடை நேரம், ஆகஸ்ட் வெயில், கிறவல் ரோட்டில் அறுவடை மிஷினுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் போகிறீர்கள் என்று வையுங்கள். பின் இருக்கையில் இரண்டு மூட்டை நெல். சோளகம் முதுகுப் பக்கமாக அடிக்கிறது. கார் இருபதில் போகிறது, காற்றும் அதே திசையில் இருபதில் போகிறது. ரேடியேற்றருக்குள் புகும் காற்று எவ்வளவு? ஒன்றுமே இல்லை. நிற்கும் காரைவிட இது கஷ்டமான நிலை, ஏனென்றால் இஞ்சின் பாரம் இழுக்கிறது. இந்த இடத்தில் முள் ஏறும்வரை காத்திராமல், ரோட்டில் இறங்கும்போதே ஃபானைப் போட்டுவிட்டால் நிறைய வித்தியாசம் தெரியும்.

சுவிச்சில் கை வைப்பதற்கு முன் செலவில்லாத இரண்டு வேலை. ஒன்று, ரேடியேற்றருக்கும் ஏசி கொண்டென்சருக்கும் நடுவில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். வைக்கோல் தூசி, புல் விதை, பூச்சி, செம்மண் எல்லாம் சேர்ந்து அங்கே அடை போல இருக்கும். இஞ்சின் ஆறியபின், உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்து அழுத்தத் தண்ணீரைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். இரண்டு, மூடி. ரேடியேற்றர் மூடி வெறும் மூடி அல்ல. உள்ளே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 பாகை வரை போகவேண்டும். றப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. 100 பாகையிலேயே கொதித்து வெளியே தள்ளும். புது மூடி வாங்கிப் போட்டதுமே பிரச்சினை தீர்ந்த கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் காரின் ஃபான் எந்த வகை?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். வயரிங் ஒன்றிரண்டு மணித்தியால வேலை. வகையைப் பிழையாகப் பிடித்தால் அதைத் திருத்த ஒரு கிழமை போகும்.

ஃபான் இஞ்சினில் பெல்ட்டோடு சுற்றுகிறதா? பழைய ஹயேஸ், லொறி, உழவு மிஷின் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. ரேடியேற்றரோடு ஒட்டிய கூட்டுக்குள், வயர் போகும் மோட்டரோடு இருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

மின் ஃபானை ஓட்டும் விதம் நான்கு.

பழைய சிறிய கார்களில் ரேடியேற்றரின் கீழ்ப்பக்கத்திலோ தண்ணீர்க் குழாய் சேரும் இடத்திலோ ஒரு தேர்மோ சுவிச் திருகப்பட்டிருக்கும். ஏறத்தாழ 95 பாகையில் அது மூடும் (மின்சாரம் ஓடும்), 90க்குக் கீழே திறக்கும் (மின்சாரம் அறும்). காருக்குக் கார் சில பாகை மாறும். இந்தச் சுவிச் சிலதில் ஃபானை நேரடியாகவே ஓட்டும், சிலதில் ஒரு ரிலேயை மட்டும் இயக்கும்.

இரண்டாவது, இப்போது பரவலாக இருப்பது. சென்சர் வெப்பத்தை ஈசியூவுக்கு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்கிறது, ஈசியூ பொனட்டுக்குள் இருக்கும் பியூஸ் பெட்டியில் உள்ள ரிலேயைப் போடுகிறது, ரிலே ஃபானுக்கு மின்சாரம் அனுப்புகிறது.

மூன்றாவது ஒரு பொறி. பழைய ரொயோற்றா கொறொல்லாக்களில் பலவற்றில் தேர்மோ சுவிச் தலைகீழாக வேலை செய்யும். குளிராக இருக்கும்போது மூடியிருந்து, ரிலேயை இழுத்து வைத்து, ஃபானை நிறுத்தி வைக்கும். சூடானதும் திறக்கும், ரிலே விடும், ஃபான் சுற்றும். வயர் அறுந்தால் ஃபான் ஓடட்டும், இஞ்சின் தப்பட்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வடிவமைப்பு இது. கண்டுபிடிப்பது சுலபம்: குளிர்ந்த இஞ்சினில் திறப்பை ஓன் வரை திருப்பி, தேர்மோ சுவிச்சின் பிளக்கைக் கழற்றுங்கள். ஃபான் சுற்றினால் இந்த வகை. (ஈசியூ உள்ள காரிலும் வெப்ப சென்சரைக் கழற்றினால் பாதுகாப்புக்காக ஃபான் சுற்றலாம். இரண்டையும் குழப்பாதீர்கள், தேர்மோ சுவிச்சின் வயர் போய்ச் சேருவது ரிலேக்கு, சென்சரின் வயர் போய்ச் சேருவது ஈசியூவுக்கு.) இந்த வகைக் கார் உங்களிடம் இருந்தால், தேர்மோ சுவிச்சுக்குப் போகும் மெல்லிய வயரை வெட்டி, நடுவே டாஷ்போட் சுவிச்சைப் போட்டால் முடிந்தது. சுவிச்சைத் திறந்தால் ஃபான் சுற்றும். கீழே வரும் ரிலே வேலை உங்களுக்குத் தேவையே இல்லை.

நான்காவது வகையைத் தொடாதீர்கள். புதிய கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஃபானோடு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஒட்டியிருக்கும். மூன்று நான்கு வயர் உள்ளே போகும். வேகத்தைத் துடிப்புகளாக அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைப்பார்கள். அங்கே நேரே 12 வோல்ற்றைக் கொடுத்தால் பெட்டி எரியும், அதன் விலை உங்கள் மாதச் செலவைத் தின்னும்.

இரண்டு ஃபான் உள்ள கார்களில் இன்னொன்று கவனிக்கவேண்டும். சிலவற்றில் குறைந்த வேகத்துக்கு இரண்டு மோட்டரையும் தொடராக இணைத்து ஓட்டுவார்கள். ஒரு ஃபானின் வயரில் நடுவே மின்சாரத்தைச் செருகினால் அது எங்கெங்கோ திரும்பிப் போகும். ரிலே மூன்று இருப்பதைக் கண்டால் வயரிங் படம் இல்லாமல் இறங்கவேண்டாம். ஒரு நல்ல ஓட்டோ எலெக்ரீசியனிடம் கேளுங்கள்.

இரண்டு வழி, நான் எடுத்த வழி

முதல் வழி எளிது. இருக்கும் ரிலேயின் கொயிலை (ரிலேயை இழுக்கும் செம்புச் சுருள்) எர்த் பண்ணும் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, டாஷ்போட் சுவிச் வழியாக பொடியில் எர்த் பண்ணுவது. நீளமான வயர் தேவையில்லை, புது ரிலே தேவையில்லை. தேர்மோ சுவிச் ரிலேயை இயக்கும் பழைய காருக்கு இது அழகான வழி. ஈசியூ உள்ள காரில் நான் இதை விரும்புவதில்லை. தான் நிறுத்தியிருக்கும் வயரில் யாரோ எர்த் கொடுப்பதைச் சில ஈசியூக்கள் பழுது என்று எழுதி வைக்கும், டாஷ்போட்டில் இஞ்சின் விளக்கு எரியும். மேலும் ரிலே, பியூஸ் இரண்டில் ஒன்று செத்தால் உங்கள் சுவிச்சும் அதோடு சாகும்.

இரண்டாவது வழியில் ஒரு புது ரிலே, புது பியூஸ், பற்றரியிலிருந்து புது வயர். பழைய பாதைக்குச் சமாந்தரமாக இன்னொரு பாதை. பழைய ரிலே, பழைய பியூஸ், சென்சர், ஈசியூ எது போனாலும் ஃபானை ஓட்டலாம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வவுனியா வரை இழுத்துக்கொண்டு வரும் செலவை நினைத்தால் கூடுதல் வேலைக்கு அர்த்தம் உண்டு. இனி வருவது இந்த வழி.

சாமான்கள்

நான்கு கால் ரிலே ஒன்று, 12 வோல்ற், 30 அல்லது 40 அம்பியர். ஹோர்ணுக்கும் ஸ்பொட் லைற்றுக்கும் போடும் அதே ரிலேதான். எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். கால்களில் 30, 87, 85, 86 என்று எழுதியிருக்கும். ஐந்து கால் ரிலே தந்தால் நடுக் காலில் 87ஏ என்று இருக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது உயிரோடு இருப்பது அந்தக் கால். பிழையாக அதில் ஃபானைக் கொடுத்தால் இரவு முழுக்கச் சுற்றி, விடிய பற்றரி செத்துக் கிடக்கும். அதை ரேப் சுற்றி மூடிவிடுங்கள். ரிலேக்குச் சொக்கற்றும் வாங்குங்கள்.

பியூஸ் கூடு ஒன்று, தண்ணீர் புகாத மூடியோடு. பியூஸின் அளவுக்கு நான் பார்க்கும் எளிய வழி: காரின் பழைய ஃபான் பியூஸில் என்ன எண் இருக்கிறதோ அதே எண். சிறிய காரின் ஃபான் ஏறத்தாழ 100 வாற்ஸ் இருக்கும்; ஓடும்போது 8 முதல் 10 அம்பியர் வரை எடுக்கும். ஆனால் நின்ற மோட்டர் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதனால்தான் 10 அம்பியர் ஃபானுக்கு 20 அம்பியர் பியூஸ்.

வயர்: பற்றரியிலிருந்து ரிலேக்கும், ரிலேயிலிருந்து ஃபானுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர். ஃபான் பெரிதாக இருந்து 15 அம்பியரைத் தாண்டினால் 4. சுவிச்சுக்குப் போவதற்கு 0.75 போதும், ஏனென்றால் ரிலேயின் கொயில் எடுப்பது 0.15 அம்பியர் மட்டில்தான். வீட்டு வயரிங்கில் மிச்சமான 7/0.67 வயரும் அதே 2.5 தானே என்று கேட்பீர்கள். செம்பின் அளவு சரி. ஆனால் அதில் இருப்பவை ஏழு தடித்த இழைகள். காரின் நடுக்கத்தில் இழை இழையாக ஒடியும், மேலுறையும் இஞ்சின் சூட்டுக்கு இளகும். நிறைய மெல்லிய இழை உள்ள வாகன வயரையே கேட்டு வாங்குங்கள்.

இவற்றோடு, போட்டிருப்பது தெரியும்படி எரியும் விளக்கு உள்ள சுவிச் ஒன்று (விளக்கு இல்லாத சுவிச்சை வாங்கவே வேண்டாம், போட்டதை மறப்போம்), 3 அம்பியர் பியூஸ் ஒன்று, 1என்4007 டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு சாமான்) ஒன்று, வயர் நுனியில் போடும் வளைய லக்குகள், சூட்டில் சுருங்கும் குழாய், நெளிகுழாய், கேபிள் ரை. மல்ரி மீற்றர் ஒன்று அவசியம். மலிவானதே போதும்.

வேலை

சாரத்தோடு நிற்காதீர்கள். பகிடியில்லை, சில கார்களில் திறப்பை எடுத்த பிறகும் ஃபான் திடீரென்று சுற்றும். சாரத்தின் நுனி, சால்வை, விரல் மூன்றும் அதற்கு ஒன்றுதான். இஞ்சினை நன்றாக ஆறவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் ஃபானின் பிளக்கைக் கழற்றி, மோட்டர் பக்கமல்ல, காரின் வயர் பக்கம் அளந்து பாருங்கள். திறப்பு ஓனில், ஃபான் ஓடாத நேரம். ஒரு வயர் பொடியோடு தொடர்பு காட்டி, மற்றதில் வோல்ற் இல்லாவிட்டால் உங்கள் ஃபானின் எர்த் நிரந்தரம், ரிலே பொசிற்றிவ்வைத்தான் வெட்டுகிறது. பெரும்பாலான கார்கள் இப்படி. ஒரு வயரில் 12 வோல்ற் எப்போதும் நின்று, மற்றதில் எர்த் இல்லாவிட்டால் உங்கள் கார் எர்த்தை வெட்டும் வகை. அப்படியானால் கீழே நான் சொல்லும் பொசிற்றிவ் வேலையை மாற்றி, புது ரிலேயின் 30ஐப் பொடியிலும் 87ஐ ஃபானின் எர்த் வயரிலும் கொடுக்கவேண்டும். பற்றரியிலிருந்து தடித்த வயர் இழுக்கத் தேவை இல்லை. வயரின் நிறத்தை நம்பாதீர்கள். நமக்கு முன்னால் எத்தனை கராஜ் அதில் கை வைத்ததோ.

அளந்து முடிந்ததும் பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள்.

ரிலேக்கு இடம் பாருங்கள். பற்றரிக்குக் கிட்ட, புகைக்குழாய்க்குத் தூர, மட்கார்டின் உள்சுவரில். கால்கள் கீழே பார்க்கவேண்டும். மேலே பார்த்தால் மாரியில் தண்ணீர் நிற்கும், கால் பச்சை பிடிக்கும். இரும்பில் ஏற்கெனவே உள்ள ஆணியைப் பாவியுங்கள். புது ஓட்டை துளைத்தால் துரு தொடங்கும்.

இனி தடித்த வயர். பற்றரி பொசிற்றிவ்விலிருந்து பியூஸ் கூட்டுக்கு, அங்கிருந்து ரிலேயின் 30க்கு. பியூஸ் கூடு பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். பியூஸ் காப்பாற்றுவது ஃபானை அல்ல, தனக்குப் பின்னால் உள்ள வயரை. பற்றரிக்கும் பியூஸுக்கும் நடுவே உள்ள வயர் பொடியில் உரசினால் அதைக் காப்பாற்ற யாரும் இல்லை. என் காரில் பிளாஸ்ரிக் மணத்ததும் இப்படிப் பியூஸ் காப்பாற்றாத வயரில்தான். பியூஸை இப்போது போடாதீர்கள், கூடு வெறுமையாக இருக்கட்டும்.

ரிலேயின் 87இலிருந்து ஃபானின் பொசிற்றிவ் வயருக்கு. பழைய வயரை வெட்டத் தேவையில்லை. மேலுறையை இரண்டு சென்ரிமீற்றர் உரித்து, புது வயரைச் சுற்றி ஈயம் பற்றவைத்து, மேலே பசை உள்ள சுருங்கு குழாயைப் போடுங்கள். குழாயை நுழைக்க முடியாத இடமாக இருந்தால் பிளக்கின் ஊசியை வெளியே எடுத்து நுழைக்கலாம். முறுக்கி ரேப் சுற்றுவதை மட்டும் செய்யாதீர்கள்.

85ஐப் பொடியில் எர்த் பண்ணுங்கள், பெயின்ற்றைச் சுரண்டிய இடத்தில், வளைய லக்கோடு. 85க்கும் 86க்கும் குறுக்கே டயோட். வெள்ளிக் கோடு 86 பக்கம். கொயிலை நிறுத்தும்போது எழும் உதைமின்னழுத்தத்தை அது தின்றுவிடும். திருப்பிப் போட்டால் சுவிச்சைப் போட்டதும் 3 அம்பியர் பியூஸ் எரியும். உள்ளேயே டயோட் அல்லது தடை வைத்த ரிலேயும் உண்டு. அதன் பக்கவாட்டில் படம் போட்டிருக்கும். அப்போது தனி டயோட் வேண்டாம்.

86க்கு மெல்லிய வயர், அதுதான் காருக்குள் போகவேண்டும். நெருப்புத் தடுப்புச் சுவரில் புது ஓட்டை வேண்டாம். பெரிய வயர்க்கட்டு நுழையும் றப்பர் வளையத்தில் சிறு துளை போட்டு, சட்டை மாட்டும் கம்பியை நேராக்கி உள்ளே செலுத்தி, நுனியில் வயரைக் கட்டி இழுங்கள். என் காரில் வேலை முழுக்க ஒன்றரை மணித்தியாலம், அதில் இந்த ஒரு வயருக்கு மட்டும் நாற்பது நிமிடம். உள்ளே மஞ்சள் குழாய் சுற்றிய வயர்க்கட்டைக் கண்டால் தள்ளிப் போங்கள், அது எயார் பாக்.

சுவிச்சுக்கு மின்சாரத்தைத் திறப்பு ஓனில் மட்டும் உயிர் வரும் இடத்திலிருந்து எடுங்கள். வைப்பர் பியூஸ் பெரும்பாலும் அப்படி இருக்கும். மீற்றரை வைத்து உறுதி செய்யுங்கள்: திறப்பு எடுத்தால் பூச்சியம், ஓனில் 12. அங்கிருந்து 3 அம்பியர் பியூஸ், பிறகு சுவிச், பிறகு 86. பற்றரியிலிருந்து நேரே எடுத்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சுவிச்சைப் போட்டபடி வீட்டுக்குள் போய்விடுவீர்கள். 35 அம்பியர்மணி பற்றரியை 10 அம்பியர் ஃபான் இரண்டு மணித்தியாலத்தில் ஸ்ராட் வராத நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

எல்லா வயரையும் நெளிகுழாய்க்குள் போட்டு, ஃபான் இறகிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் தூரமாகக் கட்டுங்கள். அணிலுக்கும் எலிக்கும் வயர் என்றால் ஆசை. மரத்துக்குக் கீழே கார் நிற்கும் வீடுகளில் நெளிகுழாய் அலங்காரத்துக்கல்ல.

சோதனை

பற்றரியைத் திரும்பக் கொடுங்கள். தடித்த பியூஸ் இன்னும் வெறுமை. திறப்பை ஓன் ஆக்கி, சுவிச்சைப் போடுங்கள். ரிலே ‘டிக்’ என்று சொல்லவேண்டும், விளக்கு எரியவேண்டும். திறப்பை எடுங்கள், இன்னொரு ‘டிக்’, விளக்கு அணையவேண்டும். சரி, இப்போது 20 அம்பியர் பியூஸைப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். ஃபான் சுற்றும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஃபான் ரேடியேற்றருக்குப் பின்னால் இருந்தால் கடதாசி முன் கிறில்லில் ஒட்டவேண்டும்.

பத்து நிமிடம் ஓடவிட்டு, ரிலே, பியூஸ் கூடு, சேர்த்த இடம் மூன்றையும் விரலால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கவைக்கும் சூடு என்றால் அந்த இணைப்பு சரியில்லை.

பிறகு முக்கியமானது. சுவிச்சை நிறுத்திவிட்டு, ஏசி இல்லாமல் இஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். காரின் சொந்த ஏற்பாடு தன்பாட்டில் ஃபானைப் போட்டு, பிறகு நிறுத்தவேண்டும். ஒரு முறை அல்ல, இரண்டு முறை பாருங்கள். என்னைப் போல உங்கள் தேர்மோ சுவிச் செத்திருந்தால் அது போடாது. அப்போது புது தேர்மோ சுவிச் வாங்கிப் போடாமல் வேலை முடியவில்லை. கைச்சுவிச் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டால், மகன் காரை எடுத்துப்போகும் நாளில் அவனுக்கு அது தெரிந்திருக்காது.

பாவிக்கும் விதம்

டாஷ்போட் முள்ளை அதிகம் நம்பவேண்டாம். பல கார்களில் 80க்கும் 105க்கும் இடையில் எங்கிருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், ஓட்டுநர் பயப்படாமல் இருக்க. நடுவைத் தாண்டிவிட்டது என்றால் ஏற்கெனவே பிந்திவிட்டது. ஓபிடி சொக்கற் (இஞ்சின் தகவலை வாசிக்கும் சொக்கற்) உள்ள கார் என்றால் மலிவான புளூரூத் கருவி ஒன்றைச் செருகிப் போனில் சரியான பாகையைப் பார்க்கலாம். 100ஐ நெருங்கும்போது, ஏசி போட்டு வரிசையில் நிற்கும்போது, பாரத்தோடு மெதுவான ரோட்டில் இறங்கும்போது போடுங்கள். ரோட்டு திறந்து வேகம் எடுத்ததும் நிறுத்துங்கள்.

ஏ9இல் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிற்காமல் போவதில்லை. வந்த வேகத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கச்சான் வாங்க ஓடாதீர்கள். நிறுத்தியதும் தண்ணீர்ப் பம்ப்பும் நின்றுவிடும், இஞ்சினின் சூடு அப்படியே தண்ணீரில் இறங்கும். சுவிச்சைப் போட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். பிள்ளையார் பொறுப்பார்.

மாரியில் ஒரு எச்சரிக்கை. நவம்பர், டிசெம்பரில் குளம் வான் பாய்ந்து ரோட்டின் மேல் தண்ணீர் போகும். அதற்குள் ஃபான் சுற்றியபடி இறங்கினால் இறகு தண்ணீரில் அடித்து வளைந்து ரேடியேற்றரைக் கிழிக்கும். சுவிச்சை நிறுத்துங்கள்; ஏசியையும் நிறுத்துங்கள், ஏனென்றால் ஏசி தானே ஃபானைப் போடும். அதற்காக ஃபானை முழுதாக நிறுத்தும் இரண்டாவது சுவிச் ஒன்று வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நான் வைக்கவில்லை. நிறுத்தியதை மறந்த இஞ்சினுக்கு மருந்தில்லை. ஃபான் உயரத்துக்குத் தண்ணீர் போனால் திரும்பிப் போவதுதான் சரி.

எல்லாம் செய்தும் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்து, கண்ணாடிகளை இறக்குங்கள். உள்ளே வேகும், ஆனால் அந்தச் சூடு இஞ்சினிலிருந்து வருவது. பிறகும் ஏறினால் ஒதுங்கி நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள், அரை மணித்தியாலம் பொறுங்கள். கொதித்த இஞ்சினில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறியபின் அதை ஊற்றுவதும் அவசரத்துக்கு மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதே வெள்ளைப் படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கூலன்ற்றோடு கலக்க வடித்த தண்ணீர் வாங்குங்கள். பற்றரிக்கு ஊற்றும் அதே தண்ணீர், அசிட் அல்ல.

வேலை முடிந்ததும் ஒரு கடதாசியில் வயரிங்கை வரைந்து, பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன். அடுத்து யார் பொனட்டைத் திறந்தாலும் குழம்பக்கூடாது. டாஷ்போட் பெட்டியில் 20 அம்பியர் பியூஸ் இரண்டும் மேலதிக ரிலே ஒன்றும் இருக்கின்றன. ஹோர்ண் ரிலேயும் அதே வகைதானே, தேவைப்பட்டால் அதைக் கழற்றிப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரவில் கனகராயன்குளம் பக்கம் நடுரோட்டில் மாடுகள் படுத்திருக்கும். ஹோர்ண் இல்லாமல் அவை எழும்பாது. இரண்டு ரிலேயாகவே வாங்குங்கள்.